ஒன்பது மாதம் ஊரில் இருக்க மாட்டேன், அபார்ட்மெண்டில் புல்லட்டை எப்படி விட்டுவிட்டுப் போவது?

மடிப்பாக்கம் வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் வேலையாக செப்டம்பர் கடைசியில் ஜெர்மனி கிளம்புகிறேன். திரும்ப ஜூன் ஆகிவிடும். மனைவியும் பையனும் இங்கேதான் இருப்பார்கள், அதனால் வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. வண்டியை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. 2019 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. கார்புரேட்டர் வைத்த பழைய என்ஜின், கிக்கர் உண்டு.

வீடு மடிப்பாக்கத்தில். பன்னிரண்டு ஃபிளாட், நாங்கள் இரண்டாவது மாடி, கீழே தூண்களுக்கு நடுவே பார்க்கிங். வீட்டுக்கு ஒரு கார், ஒரு டூவீலர் என்பது அசோசியேஷன் கணக்கு. அதில் காரும் மனைவியின் ஸ்கூட்டரும் நின்றுவிடும். புல்லட் இதுநாள்வரை மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. தினமும் எடுக்கிற வண்டி என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் அசையாது என்று தெரிந்ததும் செயலாளர் முகம் மாறிவிட்டது. "டெட் வண்டியெல்லாம் காமன் ஏரியாவில் விட முடியாது சார்" என்கிறார். போன வருஷம் இதே காரணத்துக்கு இரண்டு மூன்று வண்டிகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அடுத்தது தண்ணீர். தெருவைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், எங்கள் பார்க்கிங் இப்போது ரோட்டைவிட ஓர் அடி பள்ளம். 2015இல் உள்ளே வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் வந்தது. மிக்ஜாமுக்கு முந்தின நாளே வண்டியைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் விட்டதால் தப்பித்தேன். இந்த வருஷம் ராத்திரியோடு ராத்திரியாக அதைச் செய்ய ஆள் இல்லை. மனைவி ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டுவாள்.

மாமனார் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது, அங்கே இடமும் உண்டு. ஆனால் வண்டியை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது என்று யோசனை. விற்கச் சொல்லாதீர்கள், மனசு வராது.

மூன்று கேள்வி. வாட்ச்மேனை விட்டு வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொன்னால் போதுமா? டேங்க்கை நிரப்பி வைப்பதா, காலி செய்வதா? பேட்டரியை என்ன செய்வது?

ஆர்எக்ஸ் பைத்தியம்:

வாட்ச்மேன் ஐடியா நல்ல ஐடியாதான் ப்ரோ. மாதம் ஏதாவது கையில் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். என்ஜின் ஜாம் ஆகாது, பேட்டரியும் ஏறிக்கொள்ளும்.

இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே ஏற்றிவிடுங்கள். என்னுடைய பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 முதல் மாடி பால்கனியில்தான் நிற்கிறது. நாலு பேர் சேர்ந்து படி வழியாகத் தூக்கினோம். வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை, அப்புறம் துணி காயப்போடும் ஸ்டாண்டாகப் பழகிவிட்டது.

கீழ்க்கட்டளை மெக்கானிக்:

தம்பி, நான் உங்கள் பக்கத்து ஏரியாதான், கீழ்க்கட்டளையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எழுத நேரம் இல்லாதவன், ஆனால் வாட்ச்மேன் என்ற வார்த்தையைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை.

வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது இருக்கிறதே, நல்ல வண்டியைக் கெடுக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி கொடுக்கிற கரண்ட் ஐட்லிங்கில் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்து சேராது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஜனவரியில் டிக் டிக் என்று சத்தம் மட்டும் கேட்கும். அதுகூடப் பரவாயில்லை, பேட்டரி மாற்றிக்கொள்ளலாம். பெட்ரோல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். ரோட்டில் நன்றாக ஓடினால் சைலன்சர் சூடாகி எல்லாம் வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் அது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராக நிற்கும். என்ஜின் அடியில் இருக்கிற கிராங்க் கேஸில் ஆயிலோடும் சேரும். அப்படி அரித்த சைலன்சர் ஒன்று என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. மேலே குரோமில் முகம் பார்க்கலாம், அடியில் கட்டைவிரலை அழுத்தினால் உள்ளே போய்விடும். ஓடினால் ரோட்டில் அரை மணி நேரம் ஓட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. நடுவில் ஒரு வழி கிடையாது.

வீட்டுக்குள் ஏற்றுகிற கதை வேண்டாம். ஆர்எக்ஸ் நூறு கிலோவை ஒட்டிய வண்டி, நாலு பேர் தூக்கலாம். உங்களுடையது 190 கிலோவைத் தாண்டும். ஆறு பேர் லிஃப்டில் 408 கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். எடை தாங்கும், ஆனால் வண்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், உள்ளே திரும்பவே திரும்பாது. அப்படியே ஏற்றினாலும் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பும் இன்வெர்ட்டரும் உள்ள வீட்டில் அது வேண்டாத வேலை.

பேட்டரி, டேங்க் எல்லாம் அப்புறம் பேசலாம். உங்கள் விஷயத்தில் முதல் கேள்வி தண்ணீர்தான். 2023 மழைக்குப் பிறகு என் கடை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. முழுகின வண்டிகளில் இரண்டு ஜாதி. முழுகினபடியே விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தவை ஒன்று, தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று செல்ஃப் அடித்தவை இன்னொன்று. முதல் ஜாதிக்கு டிரெயின் போல்ட்டைத் திறந்தால் ஆயில் பால்காபி நிறத்தில் வரும். வடித்து, ப்ளக்கைக் கழற்றி, சிலிண்டரில் நிற்கும் தண்ணீரைக் கிக்கர் மிதித்து வெளியேற்றி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு அந்த ஆயிலையும் கொட்டி இன்னொரு முறை ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இரண்டாவது ஜாதியில் பிஸ்டன் மேலே வரும்போது நடுவில் தண்ணீர் மாட்டும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த வண்டிக்கு என்ஜினையே பிரிக்க வேண்டும்.

கிளாசிக்கில் சைலன்சர் வாய் உயரத்துக்குத் தண்ணீர் வந்தாலே போதும். வண்டி நிற்கும்போது புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இருந்தால் நேராகச் சிலிண்டருக்குள் போகும். உங்கள் பள்ளத்தில் அந்த உயரம் ஒரே ராத்திரியில் வந்துவிடும். ஹாலோ பிளாக் அடுக்கி மேலே ஏற்றலாமா என்று கேட்பீர்கள். சிலர் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. மண் ஊறினால் பிளாக் சாயும், சாய்ந்தால் பக்கத்து வண்டி மேல்தான் விழும். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமாவது வண்டி வேறு மேடான இடத்தில் இருக்கட்டும். பல்லாவரம், திரிசூலம் மலைப்பக்கம் யாராவது உறவுக்காரர் இருந்தால் பாருங்கள். இதற்குத் தீர்வு கிடைக்காமல் மற்றதெல்லாம் செய்து பிரயோஜனம் இல்லை.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, ஆயிலைச் சூட்டோடு சூடாக வடித்துப் புதுசு ஊற்றுங்கள். எல்லாரும் திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ஓடின ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், ஒன்பது மாதம் பேரிங்கை ஊறப்போடுவது அதில்தான். செலவு அதே செலவு, முன்னாடி செய்யுங்கள்.

டேங்க் விஷயத்தில் பழைய மெக்கானிக்குகள் கழுத்து வரை நிரப்பு என்பார்கள். இரும்பு டேங்க், உள்ளே காற்று இருந்தால் ஈரம் படிந்து துரு ஏறும் என்பது கணக்கு. இரண்டு மூன்று மாதம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மீறி இழுத்தால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் உட்காரும். ஒன்பது மாதத்துக்கு நான் நிரப்பச் சொல்ல மாட்டேன். டியூபைக் கழற்றி முழுவதும் வடித்து மனைவியின் ஸ்கூட்டரில் ஊற்றிவிடுங்கள். காலி டேங்க்கில் ஒரு நூறு மில்லி டூ டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில்) விட்டு, டேங்க்கைக் கழற்றி நாலு பக்கமும் புரட்டினால் உள்சுவரெல்லாம் ஒரு பூச்சு நிற்கும்.

கார்புரேட்டரை மறக்காதீர்கள். கீழே கிண்ணத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் தளர்த்தினால் மிச்சம் உள்ள பெட்ரோல் டியூப் வழியாக வந்துவிடும். விட்டுவைத்தால் ஆவியாகிப் பிசின் மாதிரி படிந்து, பெட்ரோல் போகிற பைலட் ஜெட் என்ற சின்ன ஓட்டையை அடைக்கும். அந்த ஓட்டையில் ஊசிகூட நுழையாது. ஜூனில் "சோக் போட்டால் நிற்கிறது, எடுத்தால் அணைகிறது" என்று வருகிற வண்டிகள் எல்லாமே இந்தக் கேஸ்தான்.

ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, இக்னிஷன் ஆஃபில் வைத்து மெதுவாக நாலு மிதி, அப்புறம் ப்ளக்கை மாட்டிவிடலாம். செயினைத் துடைத்து 90 நம்பர் கியர் ஆயில் தடவுங்கள். டயருக்கு வழக்கத்தைவிட ஐந்து பவுண்டு காற்று கூட. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், சைடு ஸ்டாண்டில் வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். நிறைந்தால் தானே நின்றுகொள்கிற சின்னச் சார்ஜர் ஒன்று வாங்கி, மாதம் ஒரு ராத்திரி போடச் சொன்னால் போதும். மல்டிமீட்டர் இருந்தால் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அதற்கு மேல் அக்கறை வேண்டாம், அது கெட்டால் மாற்றுகிற பொருள்தான்.

கோவை ஹிமாலயன்:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. எலியை மட்டும் விட்டுவிட்டார். என்னுடையது பீளமேட்டில் அபார்ட்மெண்ட் பார்க்கிங். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊரில் இருந்த சமயம் வண்டி கவருக்குள் கிடந்தது. திரும்பி வந்து சாவி போட்டால் மீட்டரே எரியவில்லை. சீட்டைக் கழற்றினால் அடியில் தேங்காய் நார், சிப்ஸ் பாக்கெட், யாருடையதோ ஒரு சாக்ஸ், அதற்கு நடுவில் தோல் உரிந்த ஒயர்கள். குடும்பமே நடந்திருக்கிறது. புகையிலை வை, அந்துருண்டை வை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்துருண்டை கரைந்து போனதும் எலி திரும்பி வரும், நம்பாதீர்கள். தினமும் ஆள் நடமாட்டம் உள்ள, வெளிச்சமான இடத்தில் வண்டி நின்றால் பாதிப் பிரச்சினை கிடையாது. மாடிப்படிக்கு அடியில் இருட்டு மூலை என்றால் எலிக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த கணக்கு. குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

சைலன்சர் ஆறினதும் வாயில் துணி அடைத்து, மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். எலிக்கு மட்டுமில்லை, குளவிக்கும்தான். மண் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிடும். ஏர் ஃபில்டர் வாய்க்கும் அதே வைத்தியம். எதையெல்லாம் அடைத்தோம் என்று ஒரு பேப்பரில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள், ஒன்பது மாதத்தில் நமக்கே மறந்துவிடும்.

வண்டி கவர் துணியாக இருக்கட்டும். மழைக்கோட்டு மாதிரி பிளாஸ்டிக் கவர் போட்டால் ராத்திரி உள்ளே வேர்த்து, ஸ்போக்ஸ் எல்லாம் துரு பிடிக்கும்.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். "மனைவி ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டுவாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டுப் பார்த்தீர்களா? கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. கியர் பழக அவ்வளவு நாளெல்லாம் வேண்டாம். கிளாசிக் உயரமும் கிடையாது. நான் ஹிமாலயனை ஓட்டுகிறேன், ஐந்தடி இரண்டு அங்குலம்.

அசோசியேஷன் அடிமை:

நான் ஆதம்பாக்கத்தில் ஓர் அபார்ட்மெண்டுக்குச் செயலாளர். சம்பளம் இல்லாத வேலை, திட்டு மட்டும் உண்டு. உங்கள் செயலாளர் பக்கம் நின்று இரண்டு வார்த்தை.

மாடிப்படிக்கு அடியில் வண்டி கூடாது என்பதற்கு உண்மையான காரணம் டெட் வண்டி என்பதில்லை. பழைய அபார்ட்மெண்டுகளில் ஈபி மீட்டர் போர்டு முழுக்க அங்கேதான் இருக்கும். போர்டில் பொறி பறந்தால் கீழே டேங்க்கில் பெட்ரோலோடு வண்டி. மேலே இருக்கிற பன்னிரண்டு குடும்பத்துக்கும் இறங்கி வர அந்த ஒரே படி. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகலையே" என்கிறார்கள். ஆகவே தினமும் ஓடுகிற வண்டியாக இருந்தாலும் அந்த இடம் தப்புதான்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்து யாராவது சட்டம் பேசுவார்கள். 2010இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தூண் பார்க்கிங்கை பில்டர் தனிச் சொத்தாக விற்க முடியாது, அது கட்டடத்தில் உள்ள எல்லாருக்கும் பொதுவான பகுதி என்று சொன்னது. ரெரா என்கிற 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்திலும், கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருந்தால்தான் கராஜ், திறந்த பார்க்கிங் பொதுப் பகுதி. இதைக் காட்டி "பொது இடம்தானே, என் வண்டி நிற்கட்டும்" என்று வாதாட வருவார்கள். பொது என்பதால்தான் எல்லாரும் சேர்ந்து போட்ட விதிக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. செயலாளரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நீங்கள் ஜெர்மனியில் இருக்கும்போது கீழே நிற்கப்போவது அவர்தான்.

ஒரு டேப் எடுத்து உங்கள் கார் இடத்தை அளந்து பாருங்கள். ஐந்து மீட்டருக்கு இரண்டரை மீட்டர் என்பது வழக்கமான அளவு. சின்ன கார் என்றால் நாலு மீட்டருக்குள் அடங்கும். பின்சுவரை ஒட்டி ஒரு மீட்டர் மிச்சம் வரும். கிளாசிக் நீளம் 2.16 மீட்டர், ஹேண்டில்பார் அகலம் எண்பது சென்டிமீட்டர்கூட வராது. சுவரோடு குறுக்காக நிறுத்தி, முன்னால் காரை விட்டால் உங்கள் இடத்துக்குள்ளேயே முடிந்தது. யாரும் கேட்க முடியாது, திருடவும் முடியாது. எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டு பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களில் இடம் குறைச்சலாக இருப்பதும் உண்டு, அதனால் அளந்துவிட்டுப் பேசுங்கள்.

எங்கே நிறுத்தினாலும் ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், மனைவியின் போன் நம்பர், திரும்பி வரும் மாதம் எல்லாம் போட்டு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கடிதம் கொடுத்த வண்டியில் நான் நோட்டீஸ் ஒட்டியதே இல்லை. உரிமையாளர் யார் என்றே தெரியாமல் நாலு டயரும் இறங்கி நிற்கிற காரைத்தான் என்ன செய்வதென்று தெரியாது.

அப்புறம் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டாதீர்கள். பூட்டினாலும் ஒரு சாவி மேலே வீட்டிலேயே இருக்கட்டும். 2015இல் ராத்திரி தண்ணீர் ஏறும்போது பையன்கள் எல்லாரும் சேர்ந்து வண்டிகளைத் தெருமுனை மேட்டுக்குத் தள்ளினார்கள். ஹேண்டில் லாக் போட்டுவிட்டு வெளியூர் போனவர்கள் வண்டிகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டு, தண்ணீர் வந்த அன்று வண்டியை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டது.

கீழ்க்கட்டளை மெக்கானிக்:

செயலாளர் சார் கடைசியில் சொன்னது லட்சத்தில் ஒரு வார்த்தை. அதோடு இன்சூரன்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று தேர்டு பார்ட்டியோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. வெள்ளம், தீ, திருட்டு எல்லாம் நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான ஓன் டேமேஜில்தான் வரும். நிற்கிற வண்டிக்குப் பயப்பட வேண்டியதே இந்த மூன்றுக்குத்தான். நடுவில் முடிகிற பாலிசி என்றால் கிளம்பும் முன்பே தேதியைப் பார்த்து வையுங்கள். முடிந்து 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கிற நோ க்ளெய்ம் போனஸ் தள்ளுபடியும் போய்விடும்.

தண்ணீர் புகுந்துவிட்டால் யாரும் செல்ஃப் தொடக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். என் கஸ்டமர் ஒருத்தர் முழுகின வண்டியை ஸ்டார்ட் பண்ணி ராடு வளைந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் "வெள்ளத்தால் கெட்டதில்லை, நீங்கள் ஸ்டார்ட் பண்ணியதால் கெட்டது" என்று கையை விரித்துவிட்டார்கள். யாரும் செல்ஃப் அடிக்க முடியாதபடி, பேட்டரி இல்லாமல் நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜங்ஷன் பக்கம்:

நெல்லைக்காரன் வந்துட்டேன். மாமனார் வீட்டில் இடம் இருக்கு என்று ஒரு வரி எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்களே, அதுதான் உங்களுக்கு விடை.

எழும்பூரில் பார்சல் ஆபீஸ் போனால் திருநெல்வேலிக்கு வண்டியைப் புக் பண்ணிவிடலாம். நீங்கள் அதே ரயிலில் போவதாக இருந்தால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போடலாம், போகவில்லை என்றால் பார்சல். ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். டேங்க்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது, அதை நிஜமாகவே திறந்து பார்ப்பார்கள். சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டிக் கொடுக்கிற ஆட்கள் வாசலிலேயே இருப்பார்கள். ஹெட்லைட், டேங்க், இண்டிகேட்டர் மூன்றையும் நீங்கள் பக்கத்தில் நின்று கட்ட வையுங்கள், அவசரத்தில் நாலு சுற்றோடு விட்டுவிடுவார்கள். பேரும் ஊரும் அட்டையில் எழுதிக் கட்டுவதோடு டேங்க் மேலேயும் ஒட்டுங்கள். பார்சல் என்றால் அதே ரயிலில்தான் வரும் என்று சொல்ல முடியாது, ஒரு நாள் இரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். வந்த பிறகு எடுக்காமல் வைத்தால் மணிக்கணக்குப் போட்டுக் காசு வாங்குவார்கள். அதனால் இங்கே எடுக்க ஒரு ஆள் தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு வெள்ளமே வராது என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் நீங்கள் மிக்ஜாமில் இருந்து எழுந்து உட்காரும்போது இங்கே தாமிரபரணி பொங்கிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கொக்கிரகுளம், ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி, மேட்டில் வீடு என்றால் தாராளமாக அனுப்புங்கள். மாமனாரிடம் 2023இல் வாசல் வரைக்கும் வந்ததா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அங்கே ஓட்ட ஆள் யாராவது உண்டா? இருந்தால் மேலே எழுதின ஆயில் பூச்சு, ஜெட், குளவி எதுவுமே தேவைப்படாது.

மடிப்பாக்கம் வாசி:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ரொம்ப நன்றி.

மாமனாருக்குப் போன் போட்டேன். அவர் வீடு பாளையில் உள்ளே தள்ளி, தெருவைவிட நாலு படி உயரம். 2023இல் தெருவில் கணுக்கால் அளவு ஓடியதோடு சரி. போனை அவரிடமிருந்து பிடுங்கி மச்சினன் பேசினான். காலேஜ் கடைசி வருஷம், லைசென்ஸ் வாங்கியாயிற்று. "அத்தான், நான் வாராவாரம் எடுத்து ஓட்டுறேன், ஒரு கீறல் விழாது" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் வண்டியை இங்கேயே பூட்டி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. மாமனார் முன்னிலையில் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஞாயிறு காலை மட்டும், ஹெல்மெட்டோடு, பாபநாசம் வரை போய்விட்டுத் திரும்பலாம், பின்னால் இரண்டு பேர் கூடாது.

கோவை சிஸ்டர் கேட்டதை மனைவியிடம் காட்டினேன். "அதை ஓட்டத் தெரியாது என்று நான் எப்போது சொன்னேன்?" என்றாள். காலேஜ் படிக்கும்போது அப்பாவின் பழைய ஹோண்டாவை ஓட்டியிருக்கிறாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தத் தகவல் எனக்கு வரவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடமும் வேலையும் இருக்கும்போது மழைக்கு வண்டியை மேம்பாலம் ஏற்றுகிற வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். செப்டம்பர் மூன்றாம் வாரம் எழும்பூரில் ஏற்றப்போகிறேன்.

கார் இடத்தையும் அளந்தேன். நீளம் 4.7 மீட்டர்தான், காரை விட்டால் எண்பது சென்டிமீட்டர் மிச்சம். ஜூனில் வந்ததும் அந்தக் குறுக்கு நிறுத்தத்தைச் செய்துபார்க்கிறேன், படிக்கட்டு அடி இனி வேண்டாம். செயலாளரிடம் அதைச் சொன்னதும் காபி கொடுத்தார்.

மெக்கானிக் அண்ணா, கடைசியாக ஒன்று. டேங்க்கை முழுக்கக் காலி செய்துதான் ரயிலில் ஏற்ற வேண்டும். மச்சினன் ஓட்டப்போகிறான் என்பதால் டூ டி ஆயில் பூச வேண்டாம்தானே? பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

கீழ்க்கட்டளை மெக்கானிக்:

பூச வேண்டாம். இரண்டு மூன்று நாள் காலியாக இருந்தால் டேங்க்குக்கு ஒன்றும் ஆகாது. கார்புரேட்டர் கிண்ணத்தை மட்டும் வடித்துவிடுங்கள், சாய்த்துப் போட்டால் அங்கேயிருந்து சொட்டும், வாசனை வந்தால் இறக்கிவிடுவார்கள். பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றி டேப் சுற்றினால் போதும். ஆயில் மட்டும் ஏற்றுவதற்கு முன்னால் மாற்றிவிட்டு அனுப்புங்கள், மச்சினனை நம்பி விடாதீர்கள்.

அங்கே இறக்கினதும் பக்கத்து பங்க் வரை தள்ள வேண்டும், சில பங்க்கில் பாட்டிலில் கொடுக்க மாட்டார்கள். 190 கிலோவைத் தள்ளத் துணைக்கு ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். முதல் தடவை பெட்ரோல் ஊற்றியதும் உடனே மிதிக்காமல் டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் நிற்கட்டும், கிண்ணம் நிரம்ப வேண்டும். சைடு கண்ணாடி இரண்டையும் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு அனுப்புங்கள், ஏற்றி இறக்கும்போது முதலில் உடைவது அதுதான்.